காற்றும் ஒளியும் குன்றாமல் வளரும் பள்ளிக்கட்டடம்

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இல்லறத்தார்க்கு உரிய தானங்கள் நான்கு என்பது இவ்வவையில் சிறுவரும் அறிந்தது. உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என்னும் அந்நான்கனுள் பள்ளிக்கூடம் கட்டுதல் சாத்திர தானத்தின்பாற்படும் என்றே பலரும் கொள்வர். அது சரியே. ஆயினும் நானூறு பிள்ளைகளை நாள்தோறும் ஆறுமணி நேரம் ஒரு கூரையின்கீழ் அமர்த்துவோர், அக்கூரை வீழாது, சுவர் சாயாது, வெப்பம் வாட்டாது என்னும் உறுதியையும் உடன் அளிக்கக் கடமைப்பட்டவர். எனவே பள்ளிக்கட்டடம் அபய தானமுமாகும். இவ்வுரை அந்த இரண்டாம் கூற்றைப் பற்றியது. உயர்நிலைப்பள்ளி ஒன்றின் கட்டடம் பிள்ளைகள் பெருகுந்தோறும் தானும் வளரவேண்டும். மின்சாரச் செலவும் மிகாதிருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பெறுதல் எவ்வாறு?

இதற்குரிய நிலமாகத் தாமிரவருணிப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளிலிருந்து தென்பாண்டி நாட்டுக்கு யாத்திரை செல்லும் குடும்பங்கள் கழுகுமலையைக் கண்டு திரும்புவர். அம்மலையின் கல்வெட்டுகளில் ஆசிரியராக விளங்கிய குரத்தியரின் பெயர்களும் அவர்தம் மாணாக்கியர் பெயர்களும் உள்ளன. அதற்கும் மிக முற்பட்டது சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலை. பாளையங்கோட்டைக்கு அணித்தான அக்குன்றில் தமிழ்பிராமி எழுத்தும் கற்படுக்கைகளும் காணப்படுகின்றன. பள்ளி என்னும் சொல் முதலில் படுக்கையையும், பின்னர்த் துறவியர் உறையுளையும், அதன்பின் அவர்கள் கற்பித்த இடத்தையும் குறித்து வந்த வரலாறு தமிழாசிரியர் எவரும் சொல்வதே. அத்தகைய குகைத்தளங்கள் பலவற்றில் கட்டடம் கட்டுவோர் காணவேண்டிய ஒன்று உண்டு. படுக்கைக்கு மேலுள்ள பாறையின் நெற்றியில் நீண்ட விளிம்பு ஒன்று வெட்டப்பட்டிருக்கும். பாறைமேல் வழிந்துவரும் மழைநீர் அவ்விளிம்பில் தங்கிச் சொட்டிவிடும், உள்ளே புகாது. உளிகொண்டு ஒரு கோடு வெட்டியதனாலேயே ஒரு குகை குடியிருக்கத் தக்கதாயிற்று. இன்றைய சன்ஷேடின் அடிப்புறத்தில் அரை அங்குலக் காடி ஒன்று விடுமாறு கொத்தனாரிடம் சொன்னால் அதே பணி நடைபெறும். அக்காடி இல்லாத இடத்தில் நீர் அடிப்புறமாக ஊர்ந்து சுவரை அடையும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். காரை வெடித்துப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் உதிரும். ஈராயிரம் ஆண்டு முன்னர்த் தெரிந்த செய்தி இன்று பல பள்ளிகளில் மறக்கப்பட்டிருப்பது வியப்புக்குரியது.

மற்றொரு காரணம் துயரமானது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலி நகரில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். அதன்பின் மாநிலம் முழுவதும் பள்ளிக்கட்டடங்களை ஆய்ந்து, நலிந்தவற்றை இடிக்க அரசு ஆணையிட்டது. சரியாக ஈராண்டு கழித்து, 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் அதே பள்ளத்தாக்கில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரவருணி கரைகடந்தது; திருநெல்வேலிச் சந்திப்புப் பகுதியும் ஆட்சியர் அலுவலகமும் நீரால் சூழப்பட்டன; ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவுத் தொடர்வண்டி ஏறத்தாழ எண்ணூறு பயணியருடன் நின்றுவிட்டது. வீடிழந்தோர் அடைந்த முகாம்களுள் பள்ளிகளும் இருந்தன. ஆகவே அங்கே கட்டப்படும் பள்ளி, கற்பிக்கும் இடமாக மட்டும் இருந்தால் போதாது.

இனிப் பள்ளிகள் வளரும் விதத்தை நோக்கலாம். முதல் ஆண்டில் சாலையை நோக்கி மூன்று அறைகள் எழும். நான்காம் ஆண்டில் ஒரு கொடையாளர் முன்வருவார். அவர்தம் தந்தையார் நினைவாக இரண்டு அறைகள் பக்கவாட்டில் சேர்க்கப்படும். பிறகு ஒரு வணிகர் ஆய்வகம் கட்டித்தருவார். அது எதிர்ப்புறத்தில் அமையும். எஞ்சிய நான்காம் பக்கத்தில் ஒரு கலையரங்கம். பதினைந்தாம் ஆண்டில் நடுமுற்றம் நாற்புறமும் அடைபட்டுப் பெட்டிபோல் ஆகிவிடும். முதலில் கட்டிய மூன்று அறைகளில் அதுவரை வீசிவந்த காற்று நின்றுபோகும். நண்பகலிலும் குழல்விளக்கு எரியும். கொடுத்தவர் எவரும் குற்றம் செய்தவரல்லர். ஒவ்வொரு கொடையும் முந்தைய கொடையின் காற்றையும் ஒளியையும் அறியாமலே பறித்துக்கொண்டது, அவ்வளவே. வளர்ச்சியும் மின்சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகையாவது இவ்வாறுதான். இப்பகையை முதல் நாளிலேயே, தாளின்மீதே தீர்த்துக்கொள்ளாவிடின் பின்னர்த் தீர்க்கமுடியாது.

எத்தனை அறை வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு எல்லாவற்றையும் ஒருசேரக் கட்டிவிடலாமே எனில், அக்கணக்கு எவர்க்கும் கைகூடியதில்லை. 1970-இல் தமிழ்நாட்டில் உயர்நிலைப்பள்ளி கட்டியவர்கள் பதினோராம் வகுப்போடு கணக்கை முடித்திருப்பர். 1978-இல் மேல்நிலைக்கல்வி வந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியலுக்குத் தனித்தனி ஆய்வகங்கள் தேவைப்பட்டன. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபின் சமையற்கூடம் வேண்டியதாயிற்று. பின்னர்க் கணினி அறை, பெண்பிள்ளைகளுக்குப் போதிய கழிப்பறைகள், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், திரையிட்டுப் பாடம் நடத்தும் அறை என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எந்தத் தலைமுறையும் அடுத்த தலைமுறையின் தேவையைச் சரியாகக் கணித்ததில்லை. ஆதலின் முன்கூட்டி வரையறுக்கத்தக்கது அறைகளின் எண்ணிக்கையன்று. அறைகள் எவ்வழியே வளரலாம், எங்கே ஒருகாலும் வளரக்கூடாது என்பதே.

அவ்வழியை முதலில் காட்டுவது கதிரவன். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வகுத்த முறையைக் கூறுமிடத்து, கட்டட நூல் வல்லோர் கோல் நட்டு, நிழல் எப்புறமும் சாயாத நண்பகலில் கயிறிட்டுத் திசை கண்ட செய்தி உள்ளது. அது சித்திரைத் திங்களில் நிகழ்வது என்று நச்சினார்க்கினியர் உரை கூறும். இது புலவரின் புனைவன்று. நிலநூற் கணக்கோடு பொருந்துவது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் உள்ளது. ஏப்ரல் 12-ஐ ஒட்டி, அதாவது சித்திரைப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்னதாக, நண்பகல் ஞாயிறு அவ்வூரின் உச்சிக்கு நேரே நிற்கும். மீண்டும் ஆகஸ்ட் 30-ஐ ஒட்டி நிற்கும். இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும்! தெற்கிலிருந்துதான் வெயில் வரும், வடபுறச் சாளரத்துக்கு மறைப்பு வேண்டா என்று நூல் பார்த்துச் சொல்லும் பொறியாளர் பலர். அது தில்லிக்குப் பொருந்தும்; நெல்லைக்குப் பொருந்தாது. வந்தவாசிக்கும் முழுமையாகப் பொருந்தாது. அங்கும் ஏப்ரல் இறுதிப் பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும்வரை நண்பகல் நிழல் தெற்கு நோக்கியே சாயும். முற்றத்தில் ஒரு கோல் நட்டுப் பிள்ளைகளே இதைக் காணலாம்.

நெல்லையில் ஜூன் 21 அன்று நண்பகல் ஞாயிறு வடதிசையில் தொடுவானிலிருந்து 75 பாகை உயரத்திலும், டிசம்பர் 21 அன்று தென்திசையில் 58 பாகை உயரத்திலும் இருக்கும். இரண்டும் உயரமான இடங்கள். மேலிருந்து விழும் வெயிலைத் தடுக்கச் சிறு நீட்டம் போதும். வடபுறத்தில் நான்கடி உயரமுள்ள சாளரத்துக்கு இரண்டடிச் சன்ஷேடு இருந்தால், பள்ளி நடைபெறும் காலை ஒன்பது மணிமுதல் மாலை மூன்று மணிவரை நேர்வெயில் உள்ளே விழாது. தென்புறத்தில் எட்டடித் தாழ்வாரம் அமைத்தால் அப்பக்கம் பற்றிய கவலையே இல்லை. கிழக்கும் மேற்கும் அவ்வாறல்ல. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலை எவ்வளவு நீண்ட சன்ஷேடும் தடுக்காது. எனவே கட்டடம் கிழக்குமேற்காக நீண்டிருக்கவேண்டும்; சாளரங்கள் வடக்கிலும் தெற்கிலும் மட்டும் இருக்கவேண்டும்; கிழக்கு, மேற்குக் கோடிகளில் சாளரமற்ற சுவர்கள் நிற்கவேண்டும். கரும்பலகை கிழக்குச் சுவரில் அமைந்தால், அதனை நோக்கி அமரும் பிள்ளைகளின் இடப்புறத்தில் வடக்கு வெளிச்சம் விழும். எழுதும் வலக்கையின் நிழல் ஏட்டில் படாது. சாலைக்கு முகம் காட்டவேண்டும் என்பதற்காகக் கட்டடத்தை மேற்கு நோக்கித் திருப்பி, அம்முகத்துக்குக் கண்ணாடியும் பதித்துவிட்டு, பின்னர்க் குளிர்சாதனத்துக்குப் பணம் தேடுவது இக்காலத்தில் பரவிவரும் ஒரு நோய் என்றே சொல்லவேண்டும்.

காற்றின் கதை சற்றுச் சிக்கலானது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே மேல்காற்று பாய்ந்து வரும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். தென்காசியில் சாரலாக இருக்கும் அக்காற்று நெல்லையை அடையும்போது ஈரத்தை மலையிலேயே இழந்து உலர்ந்திருக்கும். ஞாயிற்றின் பொருட்டுக் கிழக்குமேற்காக நீட்டிய கட்டடத்துக்கு இக்காற்று கோடிச்சுவரில் மோதிப் பக்கவாட்டில் ஒழுகிப் போய்விடும், அறைக்குள் புகாது. வெயிலும் காற்றும் இங்கே வெவ்வேறு வழி காட்டுகின்றன. கட்டடத்தின் மேற்குக் கோடியைப் பதினைந்து பாகை அளவு வடக்காகத் திருப்பினால் தென்முகம் சற்றே தென்மேற்கை நோக்கும். காற்று சாய்வாக வந்து தாழ்வாரத்தின் வழியே உட்புகும். வெயிற்கணக்கும் பெரிதும் கெடாது. மற்றொரு எளிய வழி மரத்தச்சர் கையில் உள்ளது. சாளரக்கதவின் கீலைக் கிழக்குப்புறச் சட்டத்தில் வைத்து வெளிப்புறமாகத் திறக்கச் செய்தால், திறந்த கதவே மேல்காற்றை மறித்து உள்ளே திருப்பிவிடும். செலவு ஒன்றுமில்லை, தச்சர்க்குச் சொல்ல ஒருவர் வேண்டும். மேற்கு எல்லையில் வேம்பும் புங்கும் இரண்டு வரிசை நட்டால் புழுதி அடங்கும். சிலப்பதிகாரம் வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என்று பருவத்துக்கேற்ற இருவகை இடங்களைக் கூறுவதும், பின்னதன் சாளரத்தைக் குறுகியதாகக் காட்டுவதும் இங்கு நினைவுக்கு வரும். சாளரத்தின் அளவைப் பருவக்காற்று முடிவுசெய்த காலம் அது.

கட்டட வரிசை ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே விடும் வெளி, கட்டட உயரத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாமல் இருப்பது நலம். இரண்டு மாடியும் சேர்ந்து இருபத்துநான்கடி உயர்ந்தால் ஐம்பதடி வெளி. அது வீணான நிலம் அன்று. பிள்ளைகள் விளையாடும் இடமும், பின்வரிசைக்குக் காற்று சேரும் வழியும் அதுவே.

வெப்பத்தின் பெரும்பகுதி மேலிருந்தே இறங்குகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபின் பள்ளிகளில் கீற்றுக்கூரை அகற்றப்பட்டது. அகற்றியது முற்றிலும் சரியானது. ஆனால் பல இடங்களில் அதன் இடத்துக்கு வந்தது தகரமும் கல்நார்த் தகடும். தீயின் அச்சம் நீங்கிற்று, வெப்பம் ஏறிற்று. முந்தைய தலைமுறையின் மச்சுக்கட்டடங்களில் தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பிட்டு, அதன்மேல் செங்கற்சல்லிக் காரை கொட்டித் தட்டோடு பதித்தனர். நெல்லைச் சீமையில் மட்டப்பா என்று வழங்கும் அத்தகைய தளத்தின் கனமே வெப்பத்தைத் தாமதப்படுத்தியது. இன்று தேக்குக்கு எங்கே போவது? கான்கிரீட் தளத்தின்மேலும் சல்லிக்காரையும் தட்டோடும் இடலாம். ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். அதனினும் சிறந்தது இரட்டைக்கூரை. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியில், கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் இடைவெளி விட்டு அடுக்கப்பட்டுள்ளன. வெயில் ஓட்டைச் சுடும், தளத்தைச் சுடாது. வடக்கு, தெற்கு முகங்கள் முழுதும் திருப்பத்தக்க பட்டிகளே, கண்ணாடி இல்லை. அந்தோனின் ரேமண்ட் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்த அக்கட்டடம் திண்டிவனத்தார்க்கு ஒருநாள் பயணத் தொலைவே. கட்டடக்குழுவினர் சென்று பார்த்துவருவது பயன்தரும்.

ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ நாட்டின் காண்டோ என்னும் சிற்றூரில் 2001-இல் எழுந்த பள்ளி இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு. அவ்வூரிற் பிறந்து ஜெர்மனியில் கட்டடக்கலை கற்ற பிரான்சிஸ் கேரே, ஊராரைக் கொண்டே மண்செங்கல் அறுத்து அதனைக் கட்டினார். மூன்று வகுப்பறைகள் ஒரே வரிசையில். அறைகளுக்கிடையே கூரையுள்ள திறந்த வெளிகள். செங்கல்லாலான உட்கூரைக்கு மேலே நன்கு உயர்த்தித் தகரக்கூரை நிறுத்தப்பட்டது. வெப்பக்காற்று இடைவெளி வழியே வெளியேறிவிடும். பிள்ளைகள் பெருகவே சில ஆண்டுகளில் பள்ளி விரிவாக்கப்பட்டது. முதற்கட்டடத்தின் முறை கெடவில்லை. ஏழை ஊர் ஒன்று செய்த செயல் இது என்பதைக் கருதவேண்டும்.

குளிர்நாட்டு வரைபடத்தைப் பார்த்து எழுதுவோர்க்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கு அருகில் வாலசி என்னுமிடத்தில் 1961-இல் திறக்கப்பெற்ற பள்ளியில், தென்முகம் முழுவதையும் இரட்டைக் கண்ணாடியாக்கி, வெயில், விளக்கு, பிள்ளைகளின் உடல்வெப்பம் ஆகியவற்றைக் கொண்டே கட்டடத்தை வெம்மையாக வைத்தனர். அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்றின் உடலிலிருந்து ஏறத்தாழ 75 வாட் வெப்பம் வெளிப்படும். நாற்பது பிள்ளைகள் என்றால் மூன்று இஸ்திரிப்பெட்டிகள் ஓயாமல் எரிவதற்குச் சமம். வாலசியில் அது வரவு, நெல்லையில் செலவு. அவ்வெப்பத்தை வெளியேற்றக் கூரையை ஒட்டி மேற்சாளரங்கள் வேண்டும். பரணில் பழைய ஏடுகளை அடுக்கி அவற்றை அடைத்துவிடும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும்.

சுவருக்கு மலையின் அப்புறத்திலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய கட்டடங்களில் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு பெரிதும் பயன்பட்டது. செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். சாளரமற்ற மேற்குச் சுவருக்கு இது மிகப் பொருந்தும்.

வளர்ச்சிக்கு வருவோர் முதலில் கேட்பது, மேலே வளரலாமா, பக்கவாட்டில் வளரலாமா என்பது. மேலே வளர்வதாயின் அடித்தளத்தை முதல் நாளிலேயே இரண்டு மாடிக்கு எடுத்திருக்கவேண்டும். தென்மாவட்டத்தார் வானம் தோண்டுதல் என்றும் வடமாவட்டத்தார் கடைகால் எடுத்தல் என்றும் சொல்லும் அப்பணியில் சேமித்த பணம் பின்னால் பன்மடங்காகக் கேட்கப்படும். மண்ணும் இடத்துக்கிடம் மாறும். ஆற்றோர வயல்களில் களி. கோவில்பட்டிப் பக்கம் கரிசல். பாளையங்கோட்டையில் பல இடங்களில் பாறை. ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் கரிசலுக்கெனவே, அடியில் குமிழ்போல் அகலும் தூண் அடித்தளத்தை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் வகுத்துத் தந்துள்ளது. எனவே மண்பரிசோதனை இன்றி மாடி பற்றிப் பேசுதல் கூடாது. மாடிக்கென நீட்டிவிடும் தூண்கம்பிகள் பல ஊர்களில் பத்தாண்டு மழையில் நனைந்து துருவேறி நிற்பது எவரும் காணும் காட்சி. மாடி இரண்டு மூன்று ஆண்டுகளில் வாராது எனில் அக்கம்பிகளை மெலிந்த கான்கிரீட்டால் மூடிவைக்கவேண்டும். மேலெழுப்பும் காலத்தில் அதனை உடைத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டு வளர்ச்சிக்கு ஓர் அளவு உண்டு. ஒரே தொடர்ச்சியான கட்டடம் 45 மீட்டருக்கு மேற்பட்டால் இடையில் விரிவு இடைவெளி விடவேண்டும் என்பது இந்தியத் தரநிலை. இருபத்துநான்கடி நீளமுள்ள ஐந்து வகுப்பறைகளும் ஒரு மாடிப்படியும் சேர்ந்தால் ஏறத்தாழ 42 மீட்டர். ஆகவே ஐந்து அறையும் ஒரு படிக்கட்டும் கொண்டதை ஒரு கண்ணி எனக் கொள்ளலாம். அக்கண்ணி முடிந்தபின் அடுத்ததைப் பழைய சுவரோடு ஒட்டிக் கட்டாமல், தனித் தூண்களின்மேல் ஓரிரு அங்குலம் விலக்கி நிறுத்தவேண்டும். புதிய அடித்தளம் சிறிது அமுங்குவது இயல்பு. ஒட்டிக் கட்டினால் அது பழைய சுவரையும் இழுத்துப் பிளக்கும். திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலும் காந்திமதியம்மன் கோயிலும் தனித்தனியே நின்ற இரு பெருங்கட்டடங்கள். அவற்றை 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் சங்கிலி மண்டபத்தால் இணைத்தார். அவர் எதனையும் இடிக்கவில்லை. எதன் முற்றத்தையும் அடைக்கவில்லை. நிழலுள்ள நீண்ட நடைவழி ஒன்றை இடையில் வைத்தார். பள்ளி வரிசைகளையும் அவ்வாறே கூரையுள்ள நடைவழியால் இணைக்கலாம். தாழ்வாரத்தின் கோடியில் நிலையான அறை எதுவும் கட்டாமல், பிற்காலத்தில் பெயர்த்தெடுக்கத்தக்க செங்கற்சன்னல் மட்டும் வைத்திருந்தால் வளரும் வாயில் திறந்தே இருக்கும். அந்தக் கோடியில் ஒரு பண்டகசாலை கட்டிவிடுவதுதான் வழக்கமாக நிகழும் தவறு.

சிறு கட்டுமானங்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வகுப்பறைக்குப் பொறியாளரை அழைப்பவர்கள் கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் மிதிவண்டிக் கொட்டகைக்கும் அழைப்பதில்லை. பள்ளி வளர்கையில் கடைசியில், எஞ்சிய பணத்தில், எஞ்சிய மூலையில் எழுபவை அவைதாம். மறைப்புக்காக நிற்கும் தனிச்சுவர் மேலே தளமோ, பக்கத்தில் குறுக்குச்சுவரோ இன்றி நிற்பதால், மழையில் ஊறிய மண் இளகும்போது முதலில் சாய்வதும் அதுவே. எந்தச் சுவராயினும், நாலடி உயரச் சுவராயினும், தூணும் அடித்தளமும் வரைபடத்தில் காட்டப்படாமல் எழுப்பக்கூடாது என்று அறங்காவலர் குழு ஒரு தீர்மானமே இயற்றலாம். கழிப்பறையைப் பெருங்கட்டடத்தின் கண்ணிக்குள்ளேயே, படிக்கட்டை ஒட்டி அமைத்துவிட்டால் தனிச்சுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாலையில் பெண்பிள்ளைகள் தொலைவான மூலைக்குச் செல்லவும் வேண்டா.

மின்சாரக் கணக்கு சுருக்கமானது. பன்னிரண்டு வகுப்பறைகள், அறைக்கு நான்கு விசிறி, நான்கு குழல்விளக்கு. பழைய விசிறி 75 வாட், சோக்குடன் கூடிய பழைய விளக்கு 50 வாட் எனக் கொண்டால் மொத்தம் 6 கிலோவாட். ஆறுமணி நேரத்துக்கு 36 யூனிட். 30 வாட்டில் சுழலும் இன்றைய விசிறியும் 20 வாட் எல்.இ.டி. விளக்கும் பொருத்தினால் 14 யூனிட்டுக்குச் சற்று மேல். வடக்கு வெளிச்சம் போதுமானதாக இருந்து விளக்கே போடாவிடின் 9 யூனிட்டுக்கும் குறைவு. ஒரு கிலோவாட் சூரியத்தகடு தமிழ்நாட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆகவே மட்டப்பாவில் முந்நூறு சதுர அடியில் மூன்று கிலோவாட் பொருத்தினால் வகுப்பறைகளின் பகல்தேவை நிறைவேறும். பொழுது சாயுமுன் உணவை முடிக்கும் வழக்கமுடைய இல்லங்களுக்குப் பகலொளியைக் கொண்டு காரியம் முடித்தல் புதிய பாடமன்று. விசிறியையும் விளக்கையும் எந்த ஆண்டிலும் மாற்றிக்கொள்ளலாம். கட்டி முடித்த சுவரின் திசையை மாற்ற இயலாது. கட்டடக்குழு தன் நேரத்தை எதில் செலவிடவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வெள்ளத்தின் பொருட்டுத் தரைமட்டத்தை உயர்த்தவேண்டும். 2023-இல் நீர் நின்ற உயரத்தை அவ்வூர் மக்கள் சுவரிலேயே காட்டுவர். அதனினும் ஓரடி மேலாக வகுப்பறைத் தளம் அமைவது நன்று. ஆனால் தளம் மூன்றடி உயர்ந்தால், பன்னிரண்டுக்கு ஒன்று என்னும் சரிவுக் கணக்கின்படி சக்கர நாற்காலிச் சாய்தளம் முப்பத்தாறடி நீளவேண்டும். பின்னர் ஒட்டவைக்க முயன்றால் அதற்கு இடம் இராது. செங்குத்தான பொய்ச்சரிவு ஒன்று கட்டி முடிப்பர். இதுவும் முதல் வரைபடத்திலேயே இடம்பெறவேண்டியது. மாடிக்கு ஏறும் படிகளுள் ஒன்றாவது, கீழ்த்தளம் பூட்டியிருக்கும்போதும் வெளியிலிருந்து ஏறத்தக்கதாக இருக்கவேண்டும். நள்ளிரவில் நீர் ஏறும்போது சாவி வைத்திருப்பவர் வந்துசேர முடியாது.

இத்தனையும் கொடையாளர் மனத்தோடு தொடர்புடையவை. அறை கட்டித்தருவோர்க்கு வாயிலில் பெயர்க்கல் உண்டு. மண்பரிசோதனைக்கும், முழு வரைபடத்துக்கும், ஆழ எடுத்த அடித்தளத்துக்கும், கட்டாமல் விட்ட ஐம்பதடி வெளிக்கும் பெயர்க்கல் பதிக்க இடமில்லை. ஆயினும் முதலில் வரவேண்டிய கொடை அவற்றுக்கே. அறக்கட்டளை விரும்பினால் கொடையை அறையாகப் பிரிக்காமல் கண்ணியாகப் பிரிக்கலாம். ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கண்ணிக்கு அடித்தளம் முதல் கூரைவரை பொறுப்பேற்கலாம். பெயர்கள் அனைத்தும் படிக்கட்டின் சுவரில் ஒரே கல்லில் அமையலாம். பிற்காலத்தில் புதிய கொடையாளர் வந்து, சாலையோரம் முகப்பில்தான் தம் கட்டடம் வேண்டும் என்பார். மறுத்தற்கு அரியவராகவும் இருப்பார். அப்போது அறங்காவலர் கையில் ஒரு காகிதம் இருக்கவேண்டும். எந்த வெளிகள் என்றும் வெறுமையாகவே இருக்கவேண்டும் என்பதைப் பச்சை மையால் குறித்த வரைபடம் அது. அதன் படி ஒன்று தீர்மானப் புத்தகத்தில் எல்லா அறங்காவலரின் கையொப்பத்தோடு ஒட்டப்படவேண்டும். மற்றொரு படி சட்டமிட்டுத் தலைமையாசிரியர் அறையில், வருவோர் கண்ணில் படும் உயரத்தில் மாட்டப்படவேண்டும்.